குடிகாரனுக்குக் காட்டிய கண்ணாடி
சேர்வராயன் மலையடிவாரத்திலிருந்து ஒரு கலை வரலாறு

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். குடித்திருப்பவனிடம் நியாயம் எடுத்துச் சொல்வது நீருக்குள் மூழ்கியவனை விளக்கேந்தித் தேடுவதற்குச் சமம் என்று அதன் ஒன்பதாம் குறளில் வள்ளுவர் சொல்கிறார். பத்தாம் குறளில் வேறொரு வழியைக் கேள்வியாக வைக்கிறார். தெளிந்திருக்கும் வேளையில் குடித்துக் கிடக்கும் இன்னொருவனைக் காண்பவன், தானும் இப்படித்தானே கிடந்திருப்போம் என்று எண்ண மாட்டானா என்பது அந்தக் கேள்வி. வாதம் தோற்கும் இடத்தில் காட்சி வெல்லக்கூடும் என்ற நம்பிக்கை இந்த இரண்டு குறள்களுக்கும் நடுவே இருக்கிறது. மதுவிலக்குக்காக உலகில் தீட்டப்பட்ட ஓவியங்களும் எழுதப்பட்ட கதைகளும் எடுக்கப்பட்ட சினிமாக்களும் இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன. குடிகாரனின் முகத்துக்கு நேரே ஒரு கண்ணாடி பிடித்தால் அவன் திருந்துவான் என்பது அவற்றின் கணக்கு.

இந்தக் கணக்கு எங்கே பலித்தது, எங்கே பொய்த்தது என்று ஆராய்வதற்குச் சேலத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜியின் அமைச்சரவை மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது சேலம் மாவட்டத்தில். அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களையும் சேர்த்துக்கொண்ட பெருநிலம். அதன் நடுவே எழுந்து நிற்பது சேர்வராயன் மலை. மலையின் மேலே ஏற்காட்டில் காப்பித் தோட்டங்கள். அடிவாரத்தில் ஏற்காடு சாலையோரம் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்பட நிறுவனம் இருந்த இடம். அதன் நுழைவாயில் வளைவு இன்றும் நிற்கிறது. தென்மேற்கே திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமம். மதுவிலக்குக்கென்றே ஒரு தமிழ்ப் பத்திரிகை அங்கிருந்து வெளிவந்தது. வடக்கே அதியமானின் தகடூர், இன்றைய தருமபுரி. குடியைப் பாடியதும் குடியை எதிர்த்துப் படம் காட்டியதும் இந்த ஒரே வட்டாரத்துக்குள் நடந்திருக்கிறது.

இந்த நெடிய வரலாற்றைப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது இது. குடிகாரனின் தள்ளாட்டத்தை மட்டும் காட்டிய கலை சிரிப்பிலோ இகழ்ச்சியிலோ முடிந்துபோனது. அவனைச் சுற்றியிருக்கும் கடையையும் கடனையும் வருமானத்தையும் வீட்டையும் சேர்த்துக் காட்டிய கலைதான் மனிதர்களை அசைத்தது.

தகடூர் அவையும் பட்டினத்துக் கொடியும்

சங்க இலக்கியத்தில் கள் குற்றமாக வருவதில்லை. அது உறவின் அடையாளம். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு புறநானூற்றில் 235ஆம் பாட்டு. அவனை நினைத்தவுடன் ஔவைக்கு முதலில் நினைவுக்கு வருவது அவன் கள்ளைப் பகிர்ந்த விதம். கொஞ்சமாகக் கிடைத்தால் அதைப் பாணர்களுக்கே தந்துவிடுவான். நிறையக் கிடைத்தால் அவர்களைப் பாடவிட்டு மகிழ்ந்து உடன் பருகுவான். தலைவனுக்கும் புலவருக்கும் இடையிலான சமத்துவத்தை அளக்கும் அளவுகோலாக அங்கே கள் இருக்கிறது. பாண்டியன் நன்மாறனைப் பாடும் நக்கீரரோ, யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கலத்தில் ஏந்திப் பெண்கள் ஊட்டும் காட்சியை வரைகிறார். அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் அந்த வரிகளுக்குச் சான்றாக நிற்கின்றன.

இந்த இலக்கியம் வாணிகத்தையும் மறைக்கவில்லை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தின் கொடிகளை வரிசைப்படுத்தும் இடத்தில் கள் விற்கும் கடையின் கொடியும் பறக்கிறது. கடை, கொடி, விற்பனை எல்லாம் நகரத்தின் இயல்பான காட்சிகளாக வருகின்றன. குடிப்பவன் தனியாகப் பிரித்து நிறுத்தப்படவில்லை. சங்கப் பாட்டில் குடி ஒரு கூட்டத்தின் செயல். பிற்காலக் கலையில் அது ஒருவனின் வீழ்ச்சியாக மாறியது. இந்த மாற்றம்தான் நாம் பின்தொடர வேண்டிய தடம்.

சிரிப்பும் கண்டிப்பும்

அறநூல்களின் காலத்தில் பார்வை திரும்புகிறது. வள்ளுவர் தாயின் முகத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். எதையும் பொறுக்கும் தாய்க்கே மகனின் குடிக்களிப்பு துன்பம் தரும் என்றால் சான்றோருக்கு எப்படியிருக்கும் என்று கேட்கிறார். வீட்டாரின் முகத்தில் குடியின் விளைவைக் காட்டும் உத்தி தமிழில் இங்கேயே தொடங்கிவிட்டது. பின்னால் சொல்லப்பட்ட எத்தனையோ குடும்பக் கதைகளுக்கு இதுவே மூலம்.

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் தெருக்காட்சி ஒன்று வருகிறது. கள்ளுண்ட ஒருவன் சமணத் துறவியை வழிமறித்து, தென்னையில் ஊறும் கள்ளில் கொலை ஏதுமில்லையே, குடித்தால் என்ன என்று வாதிடுகிறான். சாத்தனாரின் நோக்கம் அவனைக் கண்டிப்பது. ஆனால் அந்தக் குடிகாரன் துறவியைவிட உயிரோட்டமாக இருக்கிறான். வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமும் கூடிவிடுகிறது. கண்டிக்க வந்த கலை குடிகாரனிடமே மேடையைப் பறிகொடுக்கும் சிக்கலுக்குத் தமிழில் இது மிகப் பழைய எடுத்துக்காட்டு.

ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் வடமொழியில் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் அந்த மேடையை முழுமையாகவே குடிகாரனுக்குத் தருகிறது. கபாலிகன் சத்தியசோமனும் அவன் துணைவி தேவசோமையும் காஞ்சித் தெருக்களில் மதுமயக்கத்தில் அலைகிறார்கள். பிச்சை ஏற்கும் மண்டையோட்டைத் தொலைத்துவிட்டுப் பௌத்தத் துறவி ஒருவர் மேல் பழி போடுகிறார்கள். கடைசியில் அதைக் கவ்விச் சென்றது நாய் என்று தெரிகிறது. மதுக்கடையை வேள்விச்சாலைக்கு ஒப்பிட்டுப் புகழும் இடம் அதில் புகழ்பெற்றது. மகேந்திரவர்மன் குடியைச் சாக்காக வைத்துக்கொண்டு சமயவாதிகளின் போலித்தனத்தை விமர்சித்தான். வறியவனின் குடி அங்கே பேசுபொருளே ஆகவில்லை. கேரளத்தின் கூடியாட்ட மரபில் இந்த நாடகம் இன்றும் உயிரோடு இருக்கிறது.

கம்பரிடம் இரண்டு பார்வைகளும் ஒரே காவியத்தில் இருக்கின்றன. பாலகாண்டத்தின் உண்டாட்டுப் படலம் தசரதனின் படையோடு சென்ற ஆடவரும் மகளிரும் மதுவுண்டு களிக்கும் கோலத்தைச் சுவை குன்றாமல் பாடுகிறது. கிட்கிந்தா காண்டத்தில் கார்காலம் கழிந்தும் இராமனுக்குக் கொடுத்த வாக்கை மறந்து மதுவில் கிடந்த சுக்கிரீவன், விழித்ததும் கள்ளின் கேட்டைத் தானே வெறுத்துப் பேசுகிறான். அந்த வெறுப்பு வெளியிலிருந்து வந்த உபதேசமாக இல்லை. வாக்குத் தவறியவனின் வெட்கத்திலிருந்து பிறக்கிறது. வள்ளுவர் எதிர்பார்த்த எண்ணம் ஓர் அரசனின் மனத்தில் நிகழ்வதைக் கம்பர் காட்டிவிட்டார்.

காட்சிப்பொருளாக நிறுத்தப்பட்டவர் யார்?

வள்ளுவரின் கேள்விக்கு இணையான ஒரு வழக்கம் பண்டைய கிரேக்கத்தில் கொடூரமான வடிவத்தில் இருந்தது. ஸ்பார்ட்டாவில் ஹெலட் எனப்பட்ட அடிமைகளைக் கட்டாயப்படுத்திக் குடிக்கவைத்து, விருந்து மண்டபத்துக்கு இழுத்துவந்து, குடியின் அலங்கோலத்தைப் பாருங்கள் என்று இளைஞர்களுக்குக் காட்டினார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். பாடம் படிப்பவன் குடிமகன். பாடமாக ஆக்கப்படுபவன் அடிமை. மதுவிலக்குக் கலையின் நெடிய வரலாற்றில் இந்த ஏற்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. படத்தை வரைபவனும் பார்ப்பவனும் மேலே இருக்கிறார்கள். படத்துக்குள் விழுந்து கிடப்பவன் ஏழை.

ஐரோப்பிய ஓவியத்தில் அடக்கம் என்ற அறத்துக்கு உருவம் கொடுத்தவர்கள் உண்டு. பதுவா நகரத்துச் சிற்றாலயச் சுவரில் 1305ஐ ஒட்டி ஜியோத்தோ தீட்டிய பெண் வாயில் கடிவாளத்தோடு, உறையோடு சேர்த்துக் கட்டிய வாளைப் பிடித்து நிற்கிறாள். ஆனால் மக்களின் நினைவில் நின்றது 1751இல் வில்லியம் ஹோகார்த் லண்டனில் வெளியிட்ட இரட்டைப் படங்கள். ஜின் சந்து என்ற படத்தில் படிக்கட்டில் சாய்ந்த தாய் போதையில் பிள்ளையைக் கைநழுவ விடுகிறாள். கட்டடங்கள் சரிகின்றன. ஒழுங்காக நிற்கும் வீடுகளில் ஒன்று அடகுக்கடைக்காரனுடையது. தச்சன் தன் ரம்பத்தையும், ஒரு பெண் தன் சமையல் பாத்திரங்களையும் அவனிடம் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். இணைப்படமான பீர் தெருவில் எல்லாரும் செழிப்பாக இருக்க, அடகுக்கடை இடிந்து கிடக்கிறது. பீரைப் போற்றும் அந்த வாதத்தை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் குடிப்பவளோடு சேர்த்து அவள் குடியில் லாபம் பார்ப்பவனையும் ஒரே சட்டகத்தில் நிறுத்திய ஓவியரின் கண் பெரியது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஜின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நிறைவேற்றியது.

நூறாண்டு கழித்து, 1847இல், ஜார்ஜ் குரூக்ஷாங்க் 'புட்டி' என்ற பெயரில் எட்டுப் படங்களை வெளியிட்டார். வசதியான ஒரு வீட்டில் உணவு மேசையில் முதல் புட்டி திறக்கப்படுகிறது. வேலை போகிறது, சாமான்கள் ஜப்தியாகின்றன, குழந்தை சாகிறது, கணவன் அதே புட்டியால் மனைவியைக் கொல்கிறான். படங்கள் ஏராளமாக விற்றன, நாடகங்களாகவும் ஆயின. குரூக்ஷாங்கின் நண்பரான சார்லஸ் டிக்கன்ஸ் அதன் கலையை வியந்தபடியே ஒரு மறுப்பும் சொன்னார். குடி காரணமில்லாமல் ஒரு நல்ல வீட்டில் தானாக முளைப்பதில்லை. துயரம், வறுமை, அறியாமை ஆகியவற்றிலிருந்து அது தொடங்குவதைக் காட்டியிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஹோகார்த்தின் படத்தில் அந்தக் காரணங்கள் தெருவாகவே விரிந்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். தமிழ் மதுவிலக்குக் கலையை எடைபோடவும் அந்த விவாதம் நமக்கு உதவும்.

ஆங்கில நாவலிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டம் வரை

1860இல் எலன் வுட் என்ற ஆங்கில எழுத்தாளர் 'டேன்ஸ்பரி ஹவுஸ்' என்ற நாவலை எழுதினார். ஸ்காட்லாந்து மதுவிலக்குச் சங்கம் நடத்திய போட்டியில் 100 பவுண்டு பரிசு பெற்ற நூல் அது. அந்த நாவலின் சாயல் 1930களில் தமிழ் மேடையில் கிருஷ்ணசாமிப் பாவலரின் 'பதிபக்தி' நாடகமாகவும், எஸ். எஸ். வாசன் எழுதிய 'சதி லீலாவதி' தொடர்கதையாகவும் வெளிப்பட்டது. இரண்டும் சினிமாவாக எடுக்கப்பட்டபோது கதையைக் குறித்து வழக்கு எழுந்தது. இரண்டுக்கும் மூலம் எலன் வுட்டின் நாவல்தான் என்று வாசன் எடுத்துச் சொன்னார்.

எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி' 1936இல் வெளியானது. எம்.ஜி.ஆர்., என். எஸ். கிருஷ்ணன் இருவரும் திரையில் அறிமுகமான படம். எம். கே. ராதா நடித்த நாயகன் சென்னையின் செல்வந்தன். தீய நட்பால் குடியில் விழுகிறான், மயக்கத்தில் நண்பனைக் கொன்றுவிட்டதாக நம்பி இலங்கைக்கு ஓடுகிறான், தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். படம் இங்கே ஒரு முக்கியமான காரியத்தைச் செய்தது. குடியின் கதையைத் தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கைக்குள் கொண்டுசென்றது. மலைத்தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களின் உலகம் திரையில் தெரிந்தது.

ஆனால் தீர்வு எங்கே வைக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். படத்தின் பெயரே சொல்லிவிடுகிறது. மனைவியின் கற்பும் பொறுமையும்தான் கணவனைக் காக்கின்றன. நிஜ வாழ்க்கையில் தமிழ்ப் பெண்கள் அதற்கு முன்பே வேறு வேலை செய்திருந்தார்கள். 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்குத் தலைமையேற்று நின்றவர்கள் பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும். அதே போராட்டக் காலத்தில் பெரியார் சேலம் தாதம்பட்டியிலிருந்த தம் தோப்பில் 500 தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். மறியல் செய்த பெண்களைக் கதாநாயகிகளாக்கி அந்தக் கால சினிமா படம் எடுத்திருந்தால் நம் மதுவிலக்குக் கலையின் வரலாறே வேறாக இருந்திருக்கும்.

விமோசனமும் சேலம் சோதனையும்

1925இல் ராஜாஜி புதுப்பாளையத்தில் தொடங்கிய காந்தி ஆசிரமத்திலிருந்து 1929இல் 'விமோசனம்' பிறந்தது. ராஜாஜி ஆசிரியர், கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி துணை ஆசிரியர். கதை, பாட்டு, கட்டுரை, படம் என்று பத்திரிகையின் எல்லாப் பக்கங்களும் மதுவிலக்கை மட்டுமே பேசின. பத்து இதழ்களோடு அது நின்றது. 1930 ஏப்ரலில் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது, ஆசிரியர் சிறை சென்றார்.

பத்தே இதழ்கள் வந்த பத்திரிகைக்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கல்கியின் கதை சொல்லும் கை பழகிய பட்டறைகளில் ஒன்று அது. அங்கிருந்து அவர் ஆனந்த விகடனுக்குப் போனார். நகரத்துச் செல்வந்தனின் வீழ்ச்சியைச் சொல்லும் மேடைக் கதைகளுக்கு மாறாக, கிராமத்தானிடம் அவன் பேச்சில் பேச வேண்டும் என்ற தேவையே அந்தப் பத்திரிகையை உருவாக்கியது. ஆசிரமத்தைச் சுற்றியிருந்த நெசவாளரும் உழவரும் தாழ்த்தப்பட்ட மக்களும் அதன் கண்முன் இருந்த வாசகர்கள்.

ராஜாஜியின் கதைகளில் 'திக்கற்ற பார்வதி' இந்த வரிசையில் தலையாயது. வண்டி வாங்கக் கடன் படும் ஓர் உழவுக் குடும்பம், கையில் காசு புழங்கத் தொடங்கியதும் குடியில் விழும் கணவன், கடன் கொடுத்த வீட்டாரின் பிடியில் சிக்கிச் சீரழியும் மனைவி. சட்டத்தின் வழியாகவே குடியை ஒழிக்கலாம் என்று நம்பியவர், கதை எழுதும்போது கள்ளுக்கடைக்கும் வட்டிக்கடைக்கும் இடையே ஓடும் பாதையைத் துல்லியமாகக் கண்டார். ஹோகார்த்தின் அடகுக்கடை இங்கே சேலம் சீமையின் கடன்பத்திரமாக வருகிறது. இந்தக் கதையை 1974இல் சிங்கீதம் சீனிவாசராவ் லட்சுமியையும் ஸ்ரீகாந்தையும் வைத்துப் படமாக்கினார். ராஜாஜி பிறந்த ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியிலேயே படப்பிடிப்பு நடந்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது.

1937இன் மதுவிலக்கு வெறும் போலீஸ் நடவடிக்கை இல்லை. அதுவரை மரத்துக்கு வரியும் கடைக்கு ஏலமுமாக ஆப்காரி வருமானம் மாகாண வரவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காக இருந்தது. அந்த வருமானத்தை விட்டுக்கொடுக்க அரசு முன்வந்தது. சேலத்துக்குப் பின் 1938இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களும் அடுத்து வடஆற்காடும் சேர்ந்தன. இழப்பை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. அந்த அமைச்சரவை பதவி விலகிய சில ஆண்டுகளில் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டு, சுதந்திரத்தை ஒட்டி மீண்டும் வந்து, 1948 அக்டோபர் 2இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. மதுவிலக்குக் கலைக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த மிகப் பெரிய ஆதரவு இதுதான். படம் ஒன்றைச் சொல்ல, அரசின் கஜானாவும் அதையே சொன்ன அபூர்வமான காலம் அது.

மலைமேல் காப்பி

ஏற்காட்டைப் பேசாமல் இந்தச் சித்திரம் முழுமையாகாது. 1820களில் சேலம் கலெக்டர் எம். டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். கொஞ்ச காலத்தில் மலை தோட்ட முதலாளிகளின் ஊரானது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மதுவிலக்கு இயக்கத்தார் சாராயக்கடைக்கு மாற்றாகக் காப்பிக் கடைகளைத் திறந்து வைத்தார்கள். உழைப்பாளி மாலையில் போய் உட்கார ஓர் இடம் வேண்டும் என்பதை அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

தமிழ்நாட்டில் காப்பியின் கதை வேறுவிதமாக நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பியே ஒரு போதைப் பழக்கம், குடும்பத்தைக் கெடுக்க வந்த பானம் என்று எழுதியவர்கள் பலர். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற ஆய்வு இந்தப் பதற்றத்தை விரிவாகப் பதிவுசெய்கிறது. பிறகு காப்பி நடுத்தர வர்க்கத்து வீட்டின் மரியாதையாக உயர்ந்தது. கள் ஏழையின் இழிவாகத் தாழ்ந்தது. எதைக் குடிப்பது கௌரவம், எதைக் குடிப்பது கேவலம் என்பதைப் பானத்தின் குணத்தைவிடக் குடிப்பவரின் இடம் தீர்மானித்தது. மதுவிலக்குக் காலத்தில்கூடப் பர்மிட் வைத்திருந்தவர் சட்டப்படி குடிக்க முடிந்தது. பர்மிட்காரரின் கோப்பை கேலிச்சித்திரத்தின் மையத்துக்கு வந்ததைவிடக் கள்ளுமொந்தை வந்ததே அதிகம்.

திரையில் ஐந்து எம்.ஜி.ஆர்.

சுதந்திரத்துக்குப் பின் தமிழ் சினிமா குடியை மூன்று வழிகளில் கையாண்டது. முதலாவது பிரச்சாரம். அண்ணாவின் எழுத்தில் என். எஸ். கிருஷ்ணன் நடித்த 'நல்லதம்பி' 1949இல் வந்தது. மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்த மறு ஆண்டு அது. உபதேசத்தைச் சிரிப்போடு கலந்து தந்தார் கலைவாணர் கிருஷ்ணன். அவர் சிரிக்கவைத்தது குடிப்பவனை மிதித்துத் தள்ளுவதற்காக இல்லை. அவனையும் கூட்டத்தில் உட்காரவைத்து அவனோடு சேர்ந்து யோசிப்பதற்காக.

இரண்டாவது, காதல் தோல்வியின் மது. 1953இல் நாகேஸ்வர ராவ் நடித்த 'தேவதாஸ்' குடித்துக் குடித்துச் சாகும் காதலனை ரசிகர்களின் கண்ணீருக்கு உரியவனாக்கியது. கையில் மதுவோடு பாடும் நாயகனுக்கு அதன்பின் திரையில் நிரந்தர இடம் கிடைத்தது.

மூன்றாவது, குடிக்க மறுக்கும் நாயகன். திரையில் குடிக்கவோ புகைக்கவோ மாட்டேன் என்பதைக் கொள்கையாக வைத்திருந்த எம்.ஜி.ஆர்., 1968இல் ஜெமினி தயாரித்த 'ஒளிவிளக்கு' படத்தில் மதுவருந்துபவராகத் தோன்றினார். அந்தக் காட்சி தமிழ்த் திரையின் மதுவிலக்குக் கலையில் தனித்து நிற்கிறது. போதையில் நிற்கும் அவரைச் சுற்றி அவருடைய மனசாட்சியே பல எம்.ஜி.ஆர்.களாகத் தோன்றி, நீ மனிதன்தானா என்ற தொனியில் இடித்துரைக்கிறது. பத்தாம் குறளில் குடிகாரன் இன்னொருவனைப் பார்த்தான். இங்கே அவன் தன்னையே பார்க்கிறான். இழிவுபடுத்த ஓர் ஏழையோ ஹெலட்டோ தேவைப்படவில்லை. நாயகனே கண்ணாடிக்கு முன் நின்றான். எம்.ஜி.ஆரின் முதல் படக் கதையை எழுதிய எஸ். எஸ். வாசனே, அவரது நூறாவது படமான இதைத் தயாரித்தவரும் என்பது இந்த மரபு மிகச் சிலரின் கைகளுக்குள் வளர்ந்தது என்பதைக் காட்டுகிறது.

ஆனால் கலை சொன்னதை அரசியல் காக்கவில்லை. 1971இல் கருணாநிதி ஆட்சி மதுவிலக்கை ஒத்திவைத்தது, சில ஆண்டுகளில் திரும்பக் கொண்டுவந்தது. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சி மதுவிலக்கை நீக்கியது. 1983இல் மொத்த விற்பனைக்காக அரசு நிறுவனமான டாஸ்மாக் உருவானது. 2003இல் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் அதன் ஏகபோகமானது. எல்லாத் தரப்பும் இதில் பங்கு பெற்றிருக்கின்றன.

விற்பவரே எச்சரிக்கும் காலம்

டாஸ்மாக்குக்குப் பிறகு வந்த சினிமாவில் மதுக்கடை நண்பர்கள் கூடும் கலகலப்பான இடமானது. குடித்துவிட்டு உளறும் நகைச்சுவை படத்துக்குப் படம் வந்தது. அந்தக் காட்சி ஓடும்போது திரையின் மூலையில் எச்சரிக்கை வாசகம் தோன்றும். மதுப்புட்டியிலும் எச்சரிக்கை அச்சாகியிருக்கும். அரசின் அதிகாரபூர்வமான மதுவிலக்குக் கலை இன்று அந்த ஒற்றை வரியாகச் சுருங்கிவிட்டது. விற்பவரே எச்சரிக்கும்போது அந்த வரிக்குப் பொருள் இருக்காது என்பது படிக்கத் தெரிந்த எல்லாருக்கும் புரியும்.

மக்களின் பக்கத்திலிருந்து கலை பேசியபோது என்ன நடந்தது என்பதையும் பார்த்தோம். டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடிய மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன் 2015 அக்டோபரில் தேசத்துரோக வழக்கில் கைதுசெய்யப்பட்டார். குடிகாரனைத் திட்டும் பாட்டு யாரையும் சிறைக்கு அனுப்பியதில்லை. அவர் பாட்டு விற்பனையாளரைக் கேள்வி கேட்டது. அதே ஆண்டு ஜூலை 31இல், சேலம் மாவட்டத்துக் காந்தியவாதி சசிபெருமாள், குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றக் கோரிச் செல்போன் கோபுரத்தில் ஏறி நடத்திய போராட்டத்தில் உயிர்விட்டார். 1937இல் வழிகாட்டிய மாவட்டம் 2015இல் தன் மகனை இந்தக் கோரிக்கைக்குப் பலிகொடுத்தது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலர் சேலம் அரசு மருத்துவமனைக்கும் கொண்டுவரப்பட்டார்கள். இறந்தவர்களைப் பழிக்கும் பேச்சு அப்போது எளிதாகக் கிளம்பியது. ஸ்பார்ட்டாவின் மண்டபம் இன்னும் மூடப்படவில்லை என்று எனக்குத் தோன்றிய தருணம் அது. உழைத்துக் களைத்த கூலிக்காரரின் சாவை அவரது ஒழுக்கக்கேட்டுக்குச் சான்றாகக் காட்டுவது அறமாகாது.

இலக்கியம் இந்த இடத்தில் சினிமாவை முந்தியிருக்கிறது. திருச்செங்கோட்டு மண்ணின் எழுத்தாளர் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலில் குடி வருகிறது. கேலிக்கும் உபதேசத்துக்கும் இடமில்லாமல், பிள்ளையில்லாத ஒருவனின் நெருக்கடிக்குள், ஊரின் உழவு வாழ்க்கைக்குள் ஒன்றாக வருகிறது. ராஜாஜி ஆசிரமம் வைத்த அதே வட்டாரத்திலிருந்து, டிக்கன்ஸ் கேட்ட காரணங்களைக் காட்டும் எழுத்து வந்திருக்கிறது.

பலித்த ஒரு கதை

கலையால் மதுக்கடையை மூடவைக்க முடியுமா என்ற கேள்விக்கு ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம் விடை தந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அங்கே எழுத்தறிவு இயக்கம் வயதுவந்த பெண்களுக்காக நடத்திய வகுப்புகளின் பாடநூலில் ஒரு சிறு கதை இருந்தது. சீத்தம்மா என்ற கிராமத்துப் பெண் ஊராரைச் சேர்த்துச் சாராயக்கடையை மூடவைக்கும் கதை. அதைப் படித்த தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் 1992இல் தங்கள் ஊர்க் கடையை மூடவைத்தார்கள். போராட்டம் மாவட்டம் முழுவதும் பரவி, பிறகு மாநிலமாக விரிந்தது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடைசெய்தது.

அந்தக் கதையில் குடிகாரனின் தள்ளாட்டம் மையமில்லை. மையத்தில் நின்றவள் ஒரு பெண். அவள் எதிர்கொண்டது கடை. நாகம்மையாரும் கண்ணம்மாளும் ஈரோட்டில் செய்ததைச் சொன்ன கதை என்றே அதை நான் படிக்கிறேன். அவமானப்படுத்தும் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, சேர்ந்து செய்யக்கூடிய ஒரு செயலைக் காட்டியதால் அது பலித்தது.

இந்த வரலாற்றிலிருந்து நம் கலைஞர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன. குடிநோயாளியைக் கேலிப்பொருளாக்கும் காட்சிகளை எழுதுவதை நிறுத்த வேண்டும். கடையின் கணக்கையும் கடனின் கணக்கையும் கதைக்குள் கொண்டுவர வேண்டும். பொறுமை காக்கும் மனைவிக்குப் பதில் போராடும் பெண்ணை நடுவில் நிறுத்த வேண்டும். வேலை முடிந்து மாலையில் போய் உட்கார, பேச, பாட ஊருக்கு ஓர் இடம் வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். சேலத்துக்கு ஒரு கடமையும் இருக்கிறது. விமோசனத்தின் பத்து இதழ்களும், இந்த மாவட்டத்து மறியல்களின் படங்களும், மதுவிலக்கு நாடகங்களின் நோட்டீசுகளும், திரைப்படங்களின் பாட்டுப் புத்தகங்களும் ஒரே கூரையின் கீழ்ச் சேர்க்கப்பட வேண்டும். நாட்டுக்கே முன்னோடியாக ஒரு சோதனையைச் செய்து பார்த்த மாவட்டம், அதன் கலையையும் ஆவணத்தையும் பாதுகாத்து அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கக் கடமைப்பட்டிருக்கிறது. வள்ளுவரின் கேள்வியை இனி குடிப்பவனிடம் மட்டும் கேட்டால் போதாது. விற்பவரிடமும், அந்த வருமானத்தில் நடக்கும் அரசிடமும், அந்த அரசைத் தேர்ந்தெடுக்கும் நம்மிடமும் கேட்க வேண்டும்.